நலங்குப் பாட்டுக்கு ஒரு தகரக் குழல்

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நேற்றுதான் வீடியோவில் உன் முகத்தைப் பார்த்தேன், கன்னம் இரண்டும் ஒட்டிப் போய்க் கிடக்கிறது. அடுத்த மாதம் மாலை போட்டுக்கொள்ளப் போகிற மாப்பிள்ளை முகமா அது? பினாங்கில் சோறு கிடைக்காதா, இல்லை கல்யாணச் செலவுக்காக வயிற்றைக் கட்டுகிறாயா? இதையெல்லாம் போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறந்தால் உடனே நீ, "அம்மா, லைன் சரியில்லம்மா, ஒண்ணும் கேக்கல" என்கிறாய். லைன் நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணு. சரியில்லாதது என் தொண்டை. அது உனக்கும் தெரியும். என் மனசு நோகக் கூடாது என்று பாவம் அந்த லைன் மேல் பழியைப் போடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் நாலு வரிக்கு மேல் படிக்க மாட்டாய். அதனால்தான் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் அப்பா காய்கறி லோரியை எடுத்துக்கொண்டு கியா பார்ம் சந்தைக்குப் போய்விட்டார். அடுப்பில் பருப்பு வேகிறது. சாவகாசமாக எழுதுகிறேன், நீயும் சாவகாசமாகப் படி.

விஷயம் இதுதான். போன வாரம் என் மருமகளாக வரப்போகிற நித்யா எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பினாள். அந்தப் பெண்ணுக்கு மனசில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாது, அதற்காகவே எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. "அத்தை, நீங்க பாடுன நலங்குப் பாட்டு ரெக்கார்டிங் கேட்டேன், அழுதுட்டேன். நலங்கு அன்னைக்கு அதை ஸ்பீக்கர்ல போடப் போறோம்னு உங்க மகன் சொன்னாரு, ரொம்ப நல்லா இருக்கும்" என்று எழுதி, கூடவே அதை அனுப்பியும் விட்டாள். உன் சித்தி மகள் நலங்கில் நான் பாடியது. நீ எப்போது அதைப் போனில் பிடித்தாய் என்றே எனக்குத் தெரியாது. காதில் வைத்துக் கேட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் பாடியிருக்கிறேன். கடைசியில் இழுக்கிற இடத்தில் எனக்கே மயிர் சிலிர்த்தது. அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. ஸ்பீக்கர் எல்லாம் வேண்டாம். பிரிஞ்சாங் டவுன் கடையில் வாடகைக்குச் சொல்லி வைத்திருந்தால் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடு. போனவர்களின் குரலைத்தான் பெட்டியில் போட்டுக் கேட்பார்கள். நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு உன் பக்கத்தில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்போது என் குரல் மூலையில் இருக்கிற ஒரு பெட்டியிலிருந்து வருமா? நான் இருக்கிறேனா, போய்விட்டேனா?

உடனே பயந்து போகாதே. உன்னைத் திட்டுவதற்காக நான் உட்காரவில்லை. திட்டுவது முடிந்துவிட்டது. இனி சொல்லப் போவதெல்லாம் நன்றிதான். பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்லும் வழக்கம் நம் வீட்டில் இல்லை, எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுத்தில் சொன்னால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அது ஒரு வசதி.

கழுத்துக் கட்டியை எடுத்த பிறகு நான் இருந்த இருப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். டாக்டர்கள் மேல் குறையே இல்லை. குரல் போனாலும் போகலாம் என்று முன்பே சொல்லி, கையெழுத்து வாங்கித்தான் செய்தார்கள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் மலைச்சரிவில் மூடுபனி இறங்கி, பக்கத்துச் செடி தெரியாமல் போகும்போது, "இங்கதான்டி ரோடு, இப்படி வாங்க" என்று நான் ஒரு கூவல் போட்டால் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற பெண்கள் அத்தனை பேரும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கி வருவார்கள். அப்படி இருந்தவளுக்கு வீட்டுக்குள்ளேயே "காப்பி ஆறுது" என்று சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நான் யாரோடும் பேசாமல் ஆனேன். கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். கல்யாண வீடுகளில் "யக்கா, நலங்குப் பாட்டு நீங்கதான்" என்று கூப்பிட்டவர்கள், என்னைப் பார்த்தால் பாவமாகச் சிரித்துவிட்டு நகர்ந்து போனார்கள். அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை.

ஈப்போவில் மறுபரிசோதனைக்குப் போன அன்று, "அம்மா, ஒரு கடைக்குப் போயிட்டுப் போலாம்" என்று நீ என்னை ஒரு வாத்தியக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனாய். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. குரல் போனவளுக்கு வாத்தியக் கடையில் என்ன வேலை? காலில்லாதவனைச் செருப்புக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவதா? அந்தக் கடைக்காரச் சீன அம்மாவிடம் நீ மலாயில் என்னவோ சொன்னாய். அவர் ஒன்றும் கேட்காமல் மேசை மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். முதலில் மூங்கில் புல்லாங்குழல். ஊதினேன், சத்தமே வரவில்லை. பாதி மூச்சு துளைக்கு வெளியே போய்விட்டது, தலை கிறுகிறுவென்று சுற்றியது. அடுத்தது பள்ளிக்கூடத்தில் நீ ஊதி என் காதைக் கெடுத்த பிளாஸ்டிக் ரெக்கார்டர். அதில் பின்னால் ஒரு துளை, கட்டை விரலால் அடைக்க வேண்டும். இத்தனை வருஷம் கொழுந்து கிள்ளிய கட்டை விரல், மடங்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது. அப்புறம்தான் அந்த டின் விசில்களை எடுத்தார். தகரத்தில் ஒரு குழாய், முன்னால் ஆறு துளை, நுனியில் பிளாஸ்டிக் வாய், அவ்வளவுதான். "ஆண்ட்டி, பெலான் பெலான் லா" என்றார். மெதுவாக, மெதுவாக என்று கையைத் தாழ்த்திக் காட்டினார்.

நான் கேட்பேனா? எதிர்மலைக்குக் கூவுகிற மாதிரி ஒரே ஊது. கடையில் இருந்த எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் தம்பி, உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்னால் நாலு பேர் காதைப் பொத்த முடிந்தது!

அதன் பிறகு நீ செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பளபளவென்று தங்க நிறத்தில் இருந்த குழல்தான் பிடித்திருந்தது. நீ அதை எடுத்துத் துளைகளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "பிசிறு இருக்கும்மா, விரல் அறுக்கும்" என்று ஒதுக்கினாய். இன்னொன்றில் வாய்ப்பகுதி கோணலாக ஒட்டியிருந்தது. இன்னொன்றை எடுத்து ஆறு துளையையும் அடைத்து, மிக மெல்லிய மூச்சில் ஊதினாய். அடிச்சுரம் ஒரு நொடி நின்று, கீச்சென்று மேலே தாவிவிட்டது. "இது ஆகாது, அம்மா மூச்சுக்கு நிக்காது" என்று வைத்துவிட்டாய். உன் தொழிற்சாலையில் சாமான் சோதிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக அப்படிச் சோதித்தாய். கடைக்கார அம்மாவும் சலிக்காமல் ஒவ்வொன்றின் வாயையும் பஞ்சில் மருந்து தொட்டுத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். நடுவில் நீ காதில் வயரைச் செருகிக்கொண்டு போனை நோண்ட ஆரம்பித்தாய். ஒரு காதில் வயர், இன்னொரு காதில் குழல் சத்தம். பெற்றவளைக் கடையில் நிற்க வைத்துவிட்டுப் பாட்டுக் கேட்கிறானே, இவனெல்லாம் ஒரு பிள்ளையா என்று மனசுக்குள் வைதேன். கடைசியில் கொஞ்சம் நீளமாக, சத்தம் கொஞ்சம் தாழ்ந்து வருகிற ஒரு மங்கல் நிறக் குழலை எடுத்து, "இதுதான்மா" என்றாய். ஏன் அது என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு ஏது சத்தம்?

போன வாரம் நித்யாதான் அதையும் சொன்னாள். உன் காதில் ஓடியது என் பாட்டாம். நான் எந்தச் சுருதியில் நின்று பாடினேனோ, அந்தச் சுருதியில் நிற்கிற குழலை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்து எடுத்தாயாம். அதைப் படித்ததும் அன்றைக்குக் கடையில் உன்னை வைத வசவு எல்லாம் என் தலையிலேயே விழுந்த மாதிரி இருந்தது. என் குரலைக் காதில் வைத்துக்கொண்டு, அதற்குச் சமமான இன்னொன்றைக் கடை முழுக்கத் தேட எந்தப் பிள்ளைக்குத் தோன்றும்? நீ நன்றாக இருக்க வேண்டும். உன் குழந்தை குட்டிகள் நன்றாக இருக்க வேண்டும்.

இன்னொன்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும். நீ விலை மலிவானதாக வாங்கினாய். சுற்றுலா வருகிறவர்கள் ரோட்டோரக் கடையில் வாங்கித் தின்கிற ஸ்ட்ராபெரிப் பெட்டியைவிட மலிவு. அப்போது எனக்கு அதுவும் குறையாகத்தான் பட்டது, அம்மாவுக்கு இவ்வளவுதானா என்று. நீ விலை கூடியதாக வாங்கித் தந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா? துணியில் சுற்றி சாமி அலமாரியில் வைத்திருப்பேன். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டியிருப்பேன். ஊதியிருக்க மாட்டேன். மலிவாக இருந்ததால்தான் சமையல்கட்டில் கரண்டிகளோடு கரண்டியாகக் கிடந்தது. முதல் கொஞ்ச நாள் கோபத்தில் தொடவே இல்லை. ஒருநாள் சோறு வடிக்கக் காத்திருந்த நேரத்தில் கை தானாக அதை எடுத்தது. கீழே விழுந்தால் விழட்டும், கெட்டுப்போனால் போகட்டும் என்ற தைரியத்தில்தான் ஊத ஆரம்பித்தேன். நித்யாவுக்கு நீ ஏதாவது வாங்கிக் கொடுத்தாலும் இதை நினைத்துக்கொள். அவள் எடுத்துப் புழங்குகிற மாதிரி வாங்கிக் கொடு, பூட்டி வைக்கிற மாதிரி வாங்காதே.

ஊத ஆரம்பித்தேன் என்று சொன்னேனா? அந்தக் கூத்தை நான் உனக்குச் சொல்லவே இல்லை. காலை வேலை நேரம். மேல் சரிவில் பங்களாதேஷ் பையன்கள் இரண்டு இரண்டு பேராக மெசின் பிடித்துக் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பின்கட்டில் உட்கார்ந்து, வழக்கம் போல முழு மூச்சையும் கொடுத்து ஒரு ஊது ஊதினேன். குழல் அலறியது. இன்னொரு தரம் ஊதினேன். மேலே மெசின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. எட்டிப் பார்க்கிறேன், மூட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரும் வரிசையாக இறங்கி வருகிறார்கள்! கொழுந்து நிறுக்கக் கூப்பிட்டுக் கங்காணி ஊதுகிற விசில் என்று நினைத்துவிட்டார்கள், பிள்ளைகள். கொஞ்ச நேரத்தில் நம் கங்காணி முத்தையா மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றான்.

"யக்கா! என்ன வேலை பாத்து வெச்சிருக்கீங்க! பாதி வரிசைகூட வெட்டல, அத்தனை பேரும் எறங்கிட்டானுங்க. தொரை கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

நான் குழலைத் தூக்கிக் காட்டினேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நீங்களா ஊதினது?" என்றான். தலையை ஆட்டினேன். அவனுக்குக் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான். "மலை பூரா கேக்குது யக்கா," என்றான். "முந்தி நீங்க கூப்பிடுவீங்கள்ல, அந்த மாதிரியே இருக்கு லா." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா வேலை நேரத்துல வேணாம், என் பொழப்பைக் கெடுத்துடாதீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். அவன் போன பிறகு நான் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, சத்தமில்லாமல் சிரித்தாலும் வயிறு வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அன்றுதான் நான் உன்னிடம், சத்தத்தைக் குறைக்க வழி உண்டா என்று மெசேஜ் போட்டுக் கேட்டேன். குழலின் வாய்க்குக் கீழே இருக்கிற சின்ன ஜன்னலின் ஓரத்தில் துண்டு டேப் ஒட்டச் சொன்னாய். ஏன் கேட்டேன் என்று நீயும் கேட்கவில்லை. ஒட்டிய பிறகுதான் மெதுவாக ஊதப் பழகினேன். வாழ்க்கை முழுக்கக் கத்தியே பழகியவளுக்கு மெதுவாக என்பது லேசில் வருமா? கொஞ்சம் கூடினால் தாவிவிடும், கொஞ்சம் குறைந்தால் அழுதுவிடும். பிடித்த பிறகு தெரிந்தது, எனக்கு மிச்சமிருக்கிற மூச்சு அதற்குத் தாராளம். பேச்சுக்குத்தான் அது பற்றவில்லை, பாட்டுக்குப் பற்றுகிறது. நித்யா மெல்லப் பேசுகிற பெண், கவனித்திருக்கிறேன். மெல்லச் சொல்லும்போதே காதில் வாங்கு. கீச்சென்று கத்துகிற வரைக்கும் விட்டுவிட்டு, பிறகு "ஏன் கத்துறே" என்று கேட்காதே. உன் அப்பாவுக்கு அது வர எத்தனையோ வருஷம் ஆனது.

இப்போது நலங்குப் பாட்டு முழுதும் வருகிறது. முதல் அடி, மஞ்சள் பூசுகிற அடி, சந்தனம் பூசுகிற அடி, எல்லாம். உன் அப்பா காப்பி குடித்துக்கொண்டே கேட்பார். நல்லா இருக்கு என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார், அவரைப் பற்றி உனக்குத் தெரியாதா? ஆனால் பாட்டில் ஒரு இடம் மட்டும் என்னை மடக்கிவிட்டது. ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தில் நலங்குக்கு உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் இல்லையா? உன் சித்தி மகளுக்கு அவள் பெயர், மற்ற பிள்ளைகளுக்கு அவரவர் பெயர். ஊரில் எத்தனை பிள்ளைகள் பெயரை அந்த இடத்தில் வைத்துப் பாடியிருக்கிறேன்! என் பிள்ளை பெயரை வைத்துப் பாடுகிற நாளுக்காகத்தானே காத்திருந்தேன். குழல் ராகத்தைச் சொல்லும், இழுப்பைச் சொல்லும், பெயரை அதனால் சொல்ல முடியாது. எப்படி எப்படியோ ஊதிப் பார்த்தேன். அது ராகம்தான், நீ இல்லை. அதனால் அந்த இடம் வந்ததும் ஊதுவதை நிறுத்திவிட ஆரம்பித்தேன்.

ஒருநாள் உன் அப்பா காப்பியிலிருந்து தலையைத் தூக்கி, "ஏன் நிறுத்திட்ட?" என்றார். நான் அவர் காதருகே போய், "அங்க பேரு வரணும்" என்று காற்றிலேயே சொன்னேன். அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். உனக்குப் பெயர் வைத்த கதை தெரியும்தானே? அவர் ஒரு பெயர் சொன்னார், நான் ஒரு பெயர் சொன்னேன், ரிங்லெட்டில் பிறப்புப் பத்திரத்துக்குப் பதிந்தது நான் சொன்ன பெயர். அன்றைக்கு முறைத்துக்கொண்டவர் உன்னை "டேய்" என்றார், "பெரியவனே" என்றார், சந்தோஷம் வந்தால் "லோரிக்காரன் மகனே" என்றார். கோபம் எப்போதோ போய்விட்டது. வாய் மட்டும் பழகவே இல்லை. இந்த வயது வரைக்கும் அவர் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நீயும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

முந்தாநாள் காலையில் அவர் லோரியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். சோற்றுப் பொட்டலத்தை மறந்து வைத்துவிட்டாரே என்று எடுத்துக்கொண்டு ஓடினேன். கண்ணாடி இரண்டும் ஏற்றியிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி வாயை அசைத்துக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கிட்டே போன பிறகுதான் கேட்டது. உன் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், தம்பி. பாட்டில் வருகிற மாதிரியே, கடைசி எழுத்தை இழுத்து. சரியாக வரவில்லை போல, தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். நான் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் லோரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டினேன். "என்ன?" என்றார், ஒன்றுமே நடக்காதவர் மாதிரி. சோறு என்று காட்டினேன்.

அதனால் ஸ்பீக்கரை வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்த ரெக்கார்டிங்கை அழிக்காதே, பத்திரமாக வைத்துக்கொள், நான் போன பிறகு போட்டுக் கேட்கலாம். அவசரமில்லை. நலங்கு அன்று மனையில் உட்கார்ந்ததும் நீ என்னைப் பார்க்க வேண்டாம், பார்த்தால் எனக்கு மூச்சுத் தடுமாறும். நான் ஊதுவேன். பெயர் வருகிற இடத்தில் குழலை வாயிலிருந்து எடுத்துவிடுவேன். அப்போது உன் வலது பக்கம் திரும்பிப் பார். இந்தக் கடிதத்தில் நான் எங்கேயுமே உன் பெயரை எழுதவில்லை, கவனித்தாயா? அதை உன் அப்பாவுக்காக விட்டு வைத்திருக்கிறேன்.

அம்மா